கர்டிஸ் லெமே: கரக்பூரிலிருந்து டோக்கியோ வரை

கர்டிஸ் எமர்சன் லெமே (15 நவம்பர் 1906 – 1 அக்டோபர் 1990) அமெரிக்க விமானப்படைத் தளபதி. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பா, இந்தியா, சீனா, பசிபிக் ஆகிய முனைகளில் குண்டுவீச்சுப் படைகளை நடத்தியவர். 1948 முதல் 1957 வரை அமெரிக்காவின் அணுகுண்டு விமானப்படை இவர் பொறுப்பில் இருந்தது. 1961 முதல் 1965 வரை விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

இவரைப் பற்றி எழுதுவோர் இரு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் போர்மேதை. மறு கட்சிக்கு நகரங்களைக் கொளுத்திய கொலையாளி. எடுத்துக்காட்டும் செய்திகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றேதான். இந்தியாவில் அவர் கழித்த சில மாதங்களை இருவருமே இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். டோக்கியோவில் அவர் செய்ததற்கான பாடத்தின் ஒரு பகுதியை அவர் வங்காளத்தில்தான் கற்றார் என்பதால், இக்கட்டுரை அந்த மாதங்களை மையமாக வைத்து அவரை மதிப்பிடுகிறது.

இளமையும் தொழில் பயிற்சியும்

ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், வேலை தேடி ஊர் ஊராக அலைந்த தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்தார். 1928இல் பயிற்சி விமானியாகச் சேர்ந்தார். தரையடையாளம் ஏதும் இல்லாத கடல்மேல் வழி கணித்துப் பறப்பதில் அவருக்குப் பெயர் கிடைத்தது. 1938இல் 'ரெக்ஸ்' என்ற இத்தாலியப் பயணிக் கப்பலை, கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில், சொன்ன நேரத்துக்குக் கண்டுபிடித்துக் காட்டிய விமானங்களுக்கு வழி கணித்தவர் இவர்தான். கணக்குப் பிள்ளையின் கவனமும் பொறியாளரின் பொறுமையும் கொண்ட மனிதர் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

1942இல் இங்கிலாந்துக்குப் போனபோது, குண்டு போடும் விமானிகள் தரையிலிருந்து சுடப்படும் குண்டுகளுக்கு அஞ்சி வளைந்து நெளிந்து பறந்தார்கள். குண்டுகள் இலக்கில் விழவில்லை. நேராகப் பறந்தால் எத்தனை விமானம் போகும் என்று லெமே கணக்கிட்டார். நேரே போங்கள் என்று உத்தரவிட்டார். முதல் விமானத்தில் தானே ஏறினார். 1943 ஆகஸ்ட் 17 அன்று ரெகன்ஸ்பர்க் தாக்குதலையும் அவரே முன்னின்று நடத்தினார். அதே நாளில் ஷ்வைன்ஃபர்ட்டிலும் தாக்குதல் நடந்தது. இரண்டிலுமாக 60 அமெரிக்க விமானங்கள் வீழ்ந்தன. தான் ஏறாத விமானத்தில் பிறரை ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றவர் அல்லர். அவரைக் குறை சொல்பவர்கள் இதை மறைப்பது நியாயமில்லை.

பேச்சு குறைவு, முகத்தில் சிரிப்பு இல்லை, வாயில் எப்போதும் சுருட்டு. 1914இல் சென்னைமீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயரால் நம் பக்கத்தில் இப்படிப்பட்டவரை 'எம்டன்' என்பார்கள்.

வங்காளத்தில்

1944 ஆகஸ்ட் இறுதியில் லெமே மேற்கு வங்காளத்தின் கரக்பூருக்கு வந்தார். அங்கிருந்த இருபதாம் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். கரக்பூர், சக்குலியா, பியார்டோபா, துத்குண்டி ஆகிய இடங்களில் பி-29 விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதைகள் போடப்பட்டிருந்தன. இந்த ஒரு வகை விமானத்தை உருவாக்க அமெரிக்கா செலவிட்ட தொகை அணுகுண்டுத் திட்டத்தின் செலவைவிட அதிகம்.

படைப்பிரிவின் தலைமையகம் ஹிஜ்லி சிறைமுகாம் கட்டடத்தில் இயங்கியது. 1931 செப்டம்பர் 16 அன்று காவலர்கள் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரு விடுதலைப் போராட்டக் கைதிகள் இறந்ததும், தாகூர் அதைப் பொதுக்கூட்டத்தில் கண்டித்ததும் இந்த முகாம் தொடர்பாகத்தான். 1951இல் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியதும் இதே கட்டடத்தில்தான். ஒரே கட்டடம் இருபது ஆண்டுக்குள் சிறை, போர்த் தலைமையகம், கல்லூரி என்று மூன்று வேடம் போட்டிருக்கிறது.

இந்த விமானதளங்கள் அமைந்தது மிதினாப்பூர் வட்டாரம். 1942 அக்டோபர் புயலும், அடுத்த ஆண்டின் வங்கப் பஞ்சமும் மிகக் கடுமையாக அடித்த பகுதி அது. பஞ்சத்தில் இறந்தோர் 20 முதல் 30 லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. அந்தப் பஞ்சத்தின் சுவடு மாறாத மண்ணில்தான் உலகின் விலையுயர்ந்த விமானங்கள் இறங்கி ஏறின. லெமேயின் வாழ்க்கை வரலாறுகளில் பஞ்சத்துக்கு இடமில்லை. வங்கப் பஞ்ச வரலாறுகளில் பி-29க்கு இடமில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவர்கள் நம் மாணவர்கள்.

வேலை எப்படி நடந்தது? வங்காளத்திலிருந்து ஜப்பான் எட்டாத தொலைவு. எனவே விமானங்கள் இமயத்தைத் தாண்டிச் சீனாவின் செங்டு போய், அங்கிருந்து கிளம்ப வேண்டும். செங்டுவில் பெட்ரோல் கிடையாது. ஒரு பி-29 ஜப்பானுக்கு ஒருமுறை போய்வர, அதற்கான எரிபொருளைச் சுமந்து ஏறக்குறைய ஆறு முறை இமயத்தைக் கடக்க வேண்டியிருந்தது. லெமே வருவதற்கு முன், 1944 ஜூன் 15 இரவில் யவாட்டா இரும்பாலைமீது இப்படி நடந்த முதல் தாக்குதலில் ஒரேயொரு குண்டுதான் ஆலையில் விழுந்தது. தமிழர் வாழும் திருகோணமலையும் இந்தக் கதையில் உண்டு: ஆகஸ்ட் 10 அன்று சீனன்குடா விமானதளத்திலிருந்து 50க்கும் மேற்பட்ட பி-29கள் சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன. அந்த முயற்சியிலும் பெரிய பலன் இல்லை.

லெமே வந்ததும் தாக்குதலைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினார். 12 விமானம் கொண்ட வியூகத்தைக் கொண்டுவந்தார். நவம்பர் 5 அன்று சிங்கப்பூர்க் கப்பல் செப்பனிடு துறைமீது நடந்த தாக்குதல் துல்லியமாக அமைந்தது. இதுவரை எல்லாம் நல்ல தலைமையாசிரியர் கெட்டுப்போன பள்ளியைத் தூக்கி நிறுத்துவது போலத்தான் இருக்கிறது.

டிசம்பர் 18இல் கதை திரும்புகிறது. சீனாவில் ஜப்பானியர் பிடியில் இருந்த ஹாங்கோ நகர்மீது 84 பி-29கள் 500 டன் அளவுக்குத் தீக்குண்டு வீசின. கேட்டவர் சீனாவில் இருந்த அமெரிக்கத் தளபதி செனால்ட். லெமே முதலில் தயங்கினார். மேலிட உத்தரவு வந்த பின்பே விமானங்களை அனுப்பினார். நகரம் மூன்று நாள் எரிந்தது. எரிந்தது நட்பு நாட்டு மக்களின் ஊர். குறிபார்த்துப் போட்டு ஆறு மாதத்தில் கிடைக்காத 'பலன்' தீயால் ஒரே நாளில் கிடைத்தது. அவருடைய தயக்கம் நகர்மக்களை எண்ணி எழுந்ததாகச் சான்றில்லை; தன் படை வேறு வேலைக்குத் திருப்பப்படுகிறது என்பதே அவர் மனக்குறை. என் பார்வையில் அவர் வாழ்க்கையை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

டோக்கியோ

1945 ஜனவரியில் மரியானா தீவுகளில் இருந்த படையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு முன் அங்கிருந்த ஹான்செல், தொழிற்சாலைகளை மட்டும் குறிபார்த்து அடிக்க முயன்றவர். மேகமும் உயரத்தில் வீசும் கடுங்காற்றும் அதைக் கெடுத்தன; மேலிடம் அவரை மாற்றியது. தீக்குண்டு எண்ணம் லெமேயின் மூளையில் உதித்ததன்று. 1943இலேயே யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய வீடுகளின் மாதிரிகளை, உள்ளே விரிக்கும் பாய் உட்படக் கட்டி, எரித்துப் பார்த்திருந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு நடைமுறை கொடுத்தவர் லெமே. பகலை இரவாக்கினார், உயரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார், பெரும்பாலான துப்பாக்கிகளைக் கழற்றி அந்த எடைக்கும் தீக்குண்டு ஏற்றினார்.

1945 மார்ச் 10 அதிகாலைக்குள் 279 விமானங்கள் டோக்கியோவின் தொழிலாளர் குடியிருப்புகள்மீது 1,665 டன் குண்டு வீசின. 41 சதுர கி.மீ. எரிந்தது. இறந்தோர் ஒரு லட்சம் என்பது பரவலான மதிப்பீடு. 10 லட்சம் பேர் வீடிழந்தனர். நாகசாகியில் அணுகுண்டால் உடனே இறந்தவர்களைவிட அந்த ஓர் இரவில் இறந்தவர்கள் அதிகம். பின்னர் நகோயா, ஒசாகா, கோபே என்று 60க்கும் மேற்பட்ட நகரங்கள்.

எங்கள் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பள்ளிகளில் ஆகஸ்ட் 6 வந்தால் பிள்ளைகள் காகிதக் கொக்கு செய்வதுண்டு. மார்ச் 10 என்ற தேதியைச் சொன்னால் ஆசிரியர்களுக்கே தெரியாது. பாடப்புத்தகத்தில் அணுகுண்டு திடீரென்று வானத்திலிருந்து இறங்குகிறது. ஒரு நகரத்தை மக்களோடு எரிக்கலாம் என்ற முடிவு அதற்கு ஐந்து மாதம் முன்பே எடுக்கப்பட்டு, நடந்துகொண்டிருந்தது என்பது பாடத்தில் வருவதில்லை. ஹிரோசிமா ஒரு விஞ்ஞானப் பிழை என்று மாணவன் நினைக்கிறான். குண்டு புதிது, அதை நகரத்தின்மேல் போடும் வழக்கம் பழையது.

லெமேயின் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். ஜப்பானில் தொழிற்சாலைக்கான உதிரிப்பாகங்கள் வீட்டுப் பட்டறைகளில் செய்யப்பட்டன. ஆகவே வீடும் போர்க்கருவியே. போர் விரைவில் முடிந்தால் இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் குறையும். ஜப்பானும் சோங்சிங் நகரை ஆண்டுக்கணக்கில் குண்டுவீசி அழித்ததுதானே. இவை பொய் அல்ல. ஆனால் இரண்டாவது வாதத்துக்கு ஓர் இயல்பு உண்டு: அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம். ஒரு லட்சத்தை நியாயப்படுத்திய வாய், பத்து லட்சத்தையும் அதே வாக்கியத்தால் நியாயப்படுத்தும். எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்தக் கணக்கில் கோடே இல்லை.

அவரிடம் புள்ளிவிவர அதிகாரியாக இருந்து, பின்னாளில் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் மெக்னமாரா, 2003இல் வந்த 'த ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படத்தில் ஒரு செய்தி சொல்கிறார். போரில் நாம் தோற்றிருந்தால் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டிருப்போம் என்று லெமே தன்னிடம் கூறினாராம். செய்த காரியத்தின் பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

போருக்குப் பின்

1948இல் பெர்லினுக்கு விமானத்தில் உணவும் நிலக்கரியும் அனுப்பும் பணியைத் தொடங்கி வைத்தவர் லெமே. பின் அதை நடத்திய டன்னர், இமயம் தாண்டிய சரக்கு விமானங்களை நிர்வகித்தவர். வங்காளத்தில் தேறிய சரக்குக் கணக்கு ஒரு நகரத்தை உயிரோடு வைத்தது. லெமேயை முழுக்க அரக்கராக்கிவிட்டால் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. கொடுத்த வேலையை அவர் செம்மையாகச் செய்வார். எந்த வேலை என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் அணுகுண்டு விமானப்படையின் பொறுப்பேற்றார். 1949 ஜனவரியில் டேட்டன் நகர்மீது ஒத்திகை வைத்தார். ஒரு விமானம்கூடத் திட்டப்படி வேலையை முடிக்கவில்லை. ஒன்பது ஆண்டில் அதை உலகின் மிகக் கட்டுப்பாடான படையாக்கினார். 1962 கியூபா நெருக்கடியில், தீவை உடனே தாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கென்னடியின் கடல்முற்றுகையை மியூனிக் சமரசத்தோடு ஒப்பிட்டார். கென்னடி கேட்கவில்லை. தீவில் சோவியத் அணு ஆயுதங்கள் ஏற்கெனவே வந்திருந்தன என்பது பின்னர் தெரிந்தது. 1968இல் இனப்பிரிவினை ஆதரவாளர் ஜார்ஜ் வாலஸுடன் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்று தோற்றார். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

1964இல் ஜப்பான் அரசு, தன் வான் தற்காப்புப் படையை உருவாக்க உதவியதற்காக லெமேக்கு 'உதயசூரியன்' உயர் விருதை வழங்கியது. டோக்கியோ தீயில் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் இழப்பீடு கேட்டு 2007இல் தம் சொந்த அரசின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தாக்குதலை நினைவுகூரும் அருங்காட்சியகம் 2002இல் டோக்கியோவின் கோட்டோ வட்டாரத்தில் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது அரசு அன்று, பொதுமக்கள் கொடுத்த நன்கொடை.