சைடிஷ் உண்டு, பாட்டு இல்லை

காவேரிப்பட்டினம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் பூம்புகாரை நினைத்துக்கொண்டு, "வீடு கடல் பக்கமா?" என்று கேட்பார்கள். இல்லை. எங்களுடையது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில், மாம்பழக் கூழும் நிப்பட்டுமாக இருக்கிற ஊர். அந்தப் பழைய பூம்புகாரின் கள்ளுக்கடையைப் பட்டினப்பாலை காட்டுகிறபோது, முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரிகிற சத்தத்தையும் வாசலில் ஆடுகிற கொடியையும் சேர்த்தே காட்டுகிறது. சைடிஷ் அன்றைக்கே உண்டு.

எங்களுக்கு அதைவிடக் கிட்டத்துச் சொந்தம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் இறந்த பிறகு ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் (235) ஒரு பங்கீட்டுக் கணக்கு வருகிறது. கள் கொஞ்சம்தான் என்றால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் பாட, கேட்டு மகிழ்ந்தபடி தானும் குடிப்பான். ஒப்பாரிதான். ஆனாலும் குடிக்கிற இடமும் பாடுகிற இடமும் ஒன்றாக இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. "பெங்களூர் பப்புகளில் இண்டி மியூசிக் வளருதுண்ணா, நம்ம பக்கம் ஏன் வரலை?" என்று என்னிடம் கேட்கிற தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேள்வி நியாயமானது. பதிலைத்தான் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

அதியமானுக்கும் நமக்கும் நடுவே இன்னொரு உள்ளூர்க்காரர் வந்தார். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டினம் எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். ஆக, மாகாணத்திலேயே முதலில் கடை மூடியது எங்கள் பக்கம். 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது, 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இத்தனை பூட்டலிலும் திறப்பிலும் குடி ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துவிட்டது. பாட்டு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒழுக்கத்தில் காரணம் தேடவேண்டாம், கல்லாவில் தேடினால் போதும். டாஸ்மாக்கில் பாட்டிலை விற்பது அரசு. பக்கத்தில் கொட்டகை போட்டு உட்கார இடம் கொடுப்பவர் ஏலம் எடுத்த தனியார். முறைப்படி பார்த்தால் சரக்கில் அவருக்குப் பங்கு கிடையாது. அவருடைய வருமானமெல்லாம் தண்ணீர், டம்ளர், சுண்டல், ஆம்லெட், மாங்காய்ப் பத்தை, காலி பாட்டில். ஒருவர் அரை மணி நேரத்தில் எழுந்து போனால்தான் அடுத்தவருக்குப் பெஞ்சு காலியாகும். இதில் ஆளை வைத்துப் பாட்டுப் பாடி, வந்தவரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அவருக்கு நஷ்டம்தான். பப் முதலாளிக்குக் கணக்கு தலைகீழ். அவர் பீரிலேயே லாபம் பார்க்கிறவர். இரண்டோடு எழுந்திருக்க நினைக்கிறவனை ஒரு பாட்டு பிடித்து வைத்தால், மூன்றாவது கிளாஸ் வருகிறது. பாடுகிறவனுக்குச் சம்பளம் அந்த மூன்றாவது கிளாஸிலிருந்துதான்.

சட்டமும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பார் வேண்டுமென்றால் அறைகளோடு ஓட்டல் கட்ட வேண்டும், அதற்கு எஃப்.எல்.3, இல்லையென்றால் உறுப்பினர் கிளப், அதற்கு எஃப்.எல்.2. தெருமுனையில் நாற்பது பேர் உட்காரும் சின்ன பப் ஒன்றை ஆசைப்பட்டுத் திறக்க வழியில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் சி.எல்.9 உரிமத்தோடு பார் அண்ட் ரெஸ்டாரன்ட் வரிசையாக நிற்கிறது. ஒரே நெடுஞ்சாலை, ஒரே வெயில். கல்லா மட்டும் வேறு.

இருந்தும் எங்கள் பார்களில் பாட்டே கேட்பதில்லை என்று சொன்னால் பொய். ஒரு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, பத்து மணி ஷட்டருக்கு முன்னால் எல்லாரும் அவசரத்தில் இருந்த நேரம், ஒரு கட்டட மேஸ்திரி தன் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்து இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டார். டம்ளர் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. பக்கத்து மேசைக்காரர் மாங்காய்ப் பத்தையை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். சரணம் முடியுமுன் சப்ளையர் வந்து, "டைம் ஆச்சுண்ணா" என்றார். கேட்கிற காது இருக்கிறது, உட்கார நேரமில்லை. ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பத்தரைக்கு வெளியே வருகிறவனுக்கு அந்தக் கால் மணி நேரம்கூட இல்லை. பெண்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே கிடையாது. இன்று எங்கள் மாவட்டத்து மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இசை என்பது கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன். பார்தான் இசைக்கு வீடு என்று ஆகிவிட்டால், அந்த வீட்டு வாசற்படியை அவர்கள் மிதிக்கப்போவதில்லை.

பெங்களூர் வழியையும் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருத் தம்பி ஒருவன், கிட்டார் வாசிப்பான், கூழ் ஆலை வாசலில் ராத்திரியெல்லாம் நிற்கிற மாங்காய் லாரிகளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். ஓபன் மைக்கில் பாட இடம் கிடைத்தது, துணைக்குக் கூப்பிட்டான். நூறு கிலோமீட்டர், இரண்டு பஸ். எட்டு நிமிஷம் கொடுத்தார்கள். லாரிப் பாட்டைப் பாடி முடித்ததும் மரியாதைக்குக் கைதட்டல் வந்தது. "தமிழ் ஃபில்ம் சாங் ஏதாவது?" என்று ஒரு குரலும் கூடவே வந்தது. பாடினான். இந்தத் தடவை கைதட்டல் பலமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேர் குடித்த பீருக்கு வந்த பில், அவனுடைய ஒன்றரை நாள் சம்பளம். திரும்புகிற பஸ்ஸில் அவன் சொன்னதைக் கேட்டு நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "அண்ணா, ரெண்டாவது சரணம் இழுக்குது. அங்க பாடும்போதுதான் தெரிஞ்சது."

இந்த ஒரு வரிக்காக பெங்களூர் பப்புகளுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். பாட்டு தோற்க ஒரு அறை வேண்டும். முகம் தெரிகிற தூரத்தில், நாலு பேர் போனைப் பார்க்கத் தொடங்குகிற இடம் எது என்று பாடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அந்த நகரத்தின் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு 1996-இல் தொடங்கி இன்றுவரை ஓடுவதற்கு இப்படிப்பட்ட ராத்திரிகள் பல பின்னால் இருக்கின்றன. ரகு தீட்சித், சந்த சிசுநாள ஷரீபரின் கன்னடப் பாடல்களை கிட்டாரோடு மதுக்கூட மேடைகளில் பாடியவர். மும்பையில் அப்படி ஒரு மேடையில் இசையமைப்பாளர்கள் விஷால்-சேகர் காதில் விழுந்துதான் 2008-இல் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. கன்னடம் தெரியாத கூட்டமும் அவருக்கு ஆடியது. மொழி தெரியாத சபையில் பாட்டு எடுபடாது என்று நம் தம்பிகள் சாக்குச் சொல்ல முடியாது.

குறை எங்கே என்றால், அந்த அறை பாட்டுக்காகக் கட்டியது அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைந்தால் அடுத்த செவ்வாய் டிஜே வந்துவிடுவார், அல்லது கிரிக்கெட் திரை இறங்கும். கேட்டுப் பழகிய பாட்டுக்குத்தான் மூன்றாவது கிளாஸ் வரும். புதுப் பாட்டுக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனாலேயே கவர் பாடல்கள் மேடையைப் பிடித்துக்கொள்கின்றன. 2013-இல் திறந்து, தனியிசைக்காரர்களுக்குத் தாய்வீடு போல இருந்த இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ, 2019-இல் மூடிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு அடி. டான்ஸ் பார்களை மனத்தில் வைத்து 2005-இல் பெங்களூர் போலீஸ் போட்ட உரிம ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வலையில் கிட்டார்க்காரனும் மாட்டினான்; கட்டடச் சான்று முதல் ஏகப்பட்ட காகிதம் கேட்டார்கள், பல பப்புகளில் நேரடி இசை நின்றது. மதுவை ஒட்டிப் பிழைக்கிற கலை, மதுவுக்கு வருகிற எல்லா வழக்கிலும் சேர்ந்தே கூண்டேறும்.

பீட்டில்ஸ் குழுவைச் சொல்லி பாரை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மதுவிடுதிகளில் நாள்தோறும் மணிக்கணக்கில் வாசித்துத்தான் அவர்கள் கை பழகியது. ஆனால் ஊர் திரும்பி, 1961-க்கும் 1963-க்கும் நடுவில் முன்னூறு தடவைக்குப் பக்கமாக அவர்கள் வாசித்த லிவர்பூல் கேவர்ன் கிளப் என்ற நிலவறையில் அப்போது மது விற்கவில்லை. தேநீர், கோக், சூப், ரொட்டி. அதுவும் பல நாள் மத்தியான வேளையில். பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்த இளம் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஓசூர் ஆலைப் பெண்களை நினைத்தபடி இதைப் படித்துப் பாருங்கள். வேலை செய்தது அந்த நிலவறையும் தவறாமல் வந்த கூட்டமும்தான்.

தமிழில் தனியிசை பாரின் துணையில்லாமலே எழுந்தது. 2018 ஜனவரி 6 அன்று இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்து, டென்மா ஒருங்கிணைத்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாகப் பாடியது கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானத்தில், திறந்தவெளியில். அவர்கள் பாடுகிற கானாவுக்குத் தொட்டில் சாவு வீடு. இதெல்லாம் நம் பலம். பலவீனம், ஒரு மைதானக் கச்சேரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற நீண்ட வெறுமை. அதை இப்போது யூடியூப் நிரப்புகிறது. 2021 மார்ச்சில் வந்த எஞ்சாய் எஞ்சாமி பாட்டு உலகம் சுற்றியது. மூன்று ஆண்டு கழித்து, அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். 2024-இல் கட்சி சேர பாட்டோடு வந்த சாய் அபயங்கர், அந்த வேகத்திலேயே சினிமாவுக்குள் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, திறமைக்காரர். ஆனால் தனியிசை சினிமாவுக்கு விசிட்டிங் கார்டாக ஆகிறபோது, பாட்டுகளும் கார்டு போலவே ஆகின்றன: மூன்று நிமிஷம், பளபளப்பு, ரீலுக்கு ஒரு ஸ்டெப். இரண்டாவது சரணம் இழுக்கிறதா என்று சொல்ல எதிரே ஒரு முகமும் இல்லை. வியூஸ் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

எங்கள் ஊருக்கு மேடை புதிதல்ல. மாசியில் அங்காளம்மன் மயானக் கொள்ளைக்குப் பம்பை அடிக்கிறவர்கள், தெருவே எழுந்து ஆடும்வரை விடமாட்டார்கள். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்த பகுதி இது. மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்காத தெரு குறைவு. ஆனால் அங்கே சொந்தப் பாட்டைத் தொட்டால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சினிமாப் பாட்டு, அதுவும் சீட்டு எழுதிக் கொடுத்ததுதான். கமிட்டிக்காரர் வேலை பப் மேனேஜர் வேலையேதான், வேட்டி மட்டும் வித்தியாசம்.

பப் வரட்டும் என்று காத்திருக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இன்றைய சட்டத்தில் அது வராது. வந்தாலும் உங்கள் அக்கா தங்கைகள் உள்ளே வரமாட்டார்கள், பில்லும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் வரை கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பெரிய ஹால் வேண்டாம், மாடியில் இருக்கிற சாப்பாட்டுக் கூடத்தைக் கேளுங்கள். அறுபது நாற்காலி, ஒரு ஆம்ப்ளிஃபையர், டீ, நிப்பட்டு. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வையுங்கள். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்தால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். லாரிப் பாட்டின் இரண்டாவது சரணத்தை அவன் இப்போது வெட்டிச் சுருக்கியிருக்கிறான். முதல் நாற்காலி எனக்கு.