கோட்டையிலிருந்து ஒரு காட்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோன் வூட்டன் தீட்டிய வேட்டைக் காட்சிகளும் பண்ணை நிலங்களும் ஆங்கில நிலவுடைமையாளரின் பெருமிதத்தைப் புலப்படுத்துவன. அத்தகைய உடைமை நோக்கு குடியேற்ற நாட்டிற் பெற்ற வடிவத்துக்குச் சாமுவேல் டானியலின் ஓவியங்கள் சான்றாகும். இலங்கைக் காடுகளின் பொறுப்பதிகாரியாக நியமனம் பெற்று, 1811இல் இங்கேயே மறைந்த அவர், 1808இல் 12 ஓவியங்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். விலங்குகளும் மக்களும் அதில் ஒரே வரிசையில், பார்வைக்குரிய பொருள்களாக இடம்பெறுகின்றனர். திருகோணமலைத் துறைமுகம் ஒஸ்ரென்பேர்க் கோட்டையிலிருந்து நோக்கப்படுகின்றது. ஓவியன் நின்ற அவ்விடம் அதிகாரத்தின் நிலைக்களம் என்பது மனங்கொள்ளத்தக்கது. வடக்கே, திரியாயின் வயல்களில் உழைத்தோருக்கோ நிலம் வாழ்வாதாரம். டானியலின் கைத்திறன் போற்றற்குரியதே. ஆயின், நிலத்தை உழுதவரின் நோக்கையும் கருத்திற் கொள்ளாத கலை வரலாறு முழுமை பெறாது.