இன்ஜினியரின் காவல்

வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ விளையாட்டில் என் கட்சி இன்ஜினியர்தான். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே ஓட, இவன் ரெஞ்சால் தட்டித் தட்டி சென்ட்ரி துப்பாக்கியை எழுப்புவான். கையிருப்பு 200 உலோகம். சென்ட்ரிக்கே 130 போய்விடும். ஒவ்வொரு நிலை உயர்த்தவும் இன்னொரு 200. மூன்றாம் நிலையில் ராக்கெட்டும் பாயும்.

இடம் பார்த்து வைப்பதில்தான் வித்தை. திறந்த வெளியில் வைத்தால் தூரத்திலிருந்தே உடைத்துவிடுவார்கள். எதிரி மூலை திரும்பியதும் சென்ட்ரி எதிரே நிற்க வேண்டும்.

அப்புறம் அந்த ஸ்பை! நம் ஆள் வேஷத்தில் வந்து, சென்ட்ரியை முடக்கும் சாப்பர் கருவியை அதில் ஒட்டிவிடுவான். ரெஞ்சால் இரண்டு அடி போட்டால் அது உடையும், அதற்குள் நம் முதுகில் கத்தி இறங்காவிட்டால். ஆகவே, பக்கத்தில் வந்து நிற்கும் தோழனையும் சுட்டுப் பாருங்கள். நம்மாள் என்றால் வழக்கமான ஆட்டத்தில் அடி படாது.