எலியின் மூக்கும் மனிதனின் மூளையும்

குருதி–மூளைத் தடையைச் சுற்றி, மூக்கின் வழியே மூளைக்கு மருந்து செலுத்தும் ஆய்வுகள் பெரிதும் எலிகளையே நம்பி நிற்கின்றன. இந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமானது என்பதே நமது வினா.

எலியின் மூக்குக்குழியில் ஏறத்தாழச் சரிபாதி மணநுகர் மேலணியாகும். மனிதனில் அது பத்திலொரு பங்கிலும் குறைவு. மயக்கமூட்டி மல்லாத்திய எலிக்குச் சொட்டும் துளி மணநுகர் பகுதியை எளிதில் அடையும். நிமிர்ந்திருக்கும் நோயாளிக்கு விசிறும் மருந்தோ பெரும்பாலும் முற்பகுதியிலேயே தங்கிவிடும். மேலும், மூளையிற் காணப்பட்ட மருந்து மூக்கினின்று நேரே வந்ததா, குருதியினூடாக வந்ததா என்பதை, நாளத்தினூடாகச் செலுத்தி ஒப்பிடாத ஆய்வு நிறுவ இயலாது.

இவ்வழி மனிதனில் அறவே இல்லை என நாம் கூறவில்லை. மூக்கின்வழி கொடுத்த இன்சுலின் மூளைமுண்ணாண் பாய்பொருளிற் சேர்வதை 2002 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆயினும் பாய்பொருளை அடைதல் வேறு. பயன் விளைத்தல் வேறு. 2020 இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், முதற் கருவி சீராக இயங்காமையால் வேறொரு கருவி பயன்படுத்தப்பட்டது. அக்கருவியால் 12 மாதம் இன்சுலின் அல்லது போலிமருந்து பெற்ற 240 பேரை ஒப்பிட்டபோது, இன்சுலினால் அறிவாற்றற் பயன் எதுவும் புலப்படவில்லை. இதற்கு எலியை மட்டும் குறைகூறல் தகாது. எனினும் எலிக்கு எழாத கருவிச் சிக்கல் மனிதனிடத்தில் முதன்மை பெற்றமை கருதத்தக்கது.

எனவே, எலியாய்வு ஒவ்வொன்றும் மருந்தளவு, உடல்நிலை, மயக்கநிலை, குருதிவழி ஒப்பீடு ஆகியவற்றை வெளிப்படக் கூறுதல் வேண்டும். நினைவிழந்து வரும் ஒருவரின் குடும்பத்துக்கு நாம் அளிக்கும் நம்பிக்கை, எலியின் மூக்களவில் நின்றுவிடலாகாது.