காலை அமைதிக்குப் பிறகு

ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்காக எழுதிவைத்த குறிப்புகளை ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழில் தந்தவர் ராஜாஜி. முதுமையில் தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்தவர் அவர். ஆகவே மார்க்கஸ் பின்பற்றிய ஸ்டோயிக் சிந்தனை சென்னைக்குப் புதிதல்ல. இன்று அது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது: நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடப்பவரின் காதில் ஒலிக்கும் உரையாக, விடிந்ததும் கைபேசிக்கு வரும் வாசகமாக, படுக்கையருகே வைத்த குறிப்பேடாக. நாளைப் பதற்றமின்றித் தொடங்க இந்தப் பழக்கம் உதவுமா என்று கேட்டால், உதவும் என்பதே என் பதில். கிடைத்த அமைதியைக் கொண்டு அடுத்து என்ன செய்கிறோம் என்று கேட்கும்போதுதான் அதன் குறை வெளிப்படுகிறது.

பழக்கம் எளியது. இன்று எதிர்ப்படக்கூடிய தொல்லைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றில் என் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரிக்க வேண்டும். கையில் உள்ளதைச் செம்மையாகச் செய்ய உறுதிகொள்ள வேண்டும். மார்க்கஸ் தம் குறிப்புகளின் இரண்டாம் பகுதியை இப்படித்தான் தொடங்குகிறார்: நன்றியும் பண்பும் இல்லாத மனிதர்கள் அன்று தம் முன் வந்து நிற்பார்கள் என்று தமக்கே நினைவூட்டிக்கொள்கிறார். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ், பொதுக் குளியலறைக்குப் போகுமுன் அங்கே தண்ணீரைத் தெறிக்கவிடுபவர், இடிப்பவர், ஏசுபவர், திருடுபவர் எல்லாரையும் நினைத்துக்கொண்டு போகச் சொன்னார். குளிப்பது ஒரு நோக்கம். மனம் நிலைகுலையாமல் திரும்புவது மற்றொரு நோக்கம்.

பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போகும் 29சி பேருந்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறுபவருக்கு இந்த அறிவுரை விளங்கும். நெரிசலைவிட, நெரிசல் இருக்காது என்ற எதிர்பார்ப்புதான் அவரை அதிகம் வதைக்கிறது. எதிர்பாராமல் வரும் அடியே கனமாக விழும் என்று ஸ்டோயிக் சிந்தனையாளர் செனெகாவும் கருதினார். மெட்ரோ பணிக்காக லஸ் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருப்பார்கள், அலுவலகத்தில் ஒருவர் எரிந்து விழுவார், மெட்ரோ வாட்டர் லாரி சொன்ன நேரத்துக்கு வராது என்று முன்பே எண்ணியவர் அவற்றைச் சந்திக்கும்போது சினத்தில் பாதியைக் கடந்துவிட்டிருப்பார். நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய நம் கருத்தே நம்மைக் கலக்குகிறது என்ற எபிக்டெட்டஸின் எண்ணத்தைத் தம் உளச் சிகிச்சை முறைக்கு ஓர் அடிப்படையாக உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டு உளவியலும் இதில் பயன் கண்டது என்பதற்கு அது சான்று.

இன்னொரு நன்மையும் உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை, குரு வேண்டாம், கடவுள் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடையில்லை. இட்லிக் கொப்பரை அடுப்பில் இருக்கும்போதே செய்துவிடலாம். பேரரசருக்கும் அடிமைக்கும் ஒரே போதனை பொருந்தியது என்பது சிறிய சாதனை அல்ல.

இனி குறைகளுக்கு வருவோம். அடையாறு வசந்த விஹாரில் பல ஆண்டுகள் பேசிய ஜே. கிருஷ்ணமூர்த்தி, எந்த முறையையும் தொடர்ந்து பயிற்சி செய்வது மனத்தை மழுங்கடிக்கும் என்று ஓயாமல் எச்சரித்தார்.  அவர் கருத்தை நான் முழுதாக ஏற்கவில்லை; பழக்கம் இல்லாமல் பெரும்பாலோருக்கு எந்த நன்மையும் நிலைப்பதில்லை. ஆனால் தினமும் ஒரே வாசகத்தைப் படித்து, ஒரே கட்டத்தில் ‘கையில் இல்லை’ என்று குறித்துவிட்டு எழுந்திருப்பவர் உண்மையில் சிந்திக்கவில்லை என்பதில் அவர் சொன்னது சரி. இயல்பிலேயே கவலைப்படும் ஒருவருக்கு, தொல்லைகளை வரிசையாக எண்ணிப் பார்ப்பது மேலும் கவலையைத்தான் வளர்க்கும். ஒவ்வொரு தொல்லைக்கும் ‘அப்போது நான் என்ன செய்வேன்’ என்ற பதிலும் சேர்ந்து வந்தால்தான் அது பயிற்சி ஆகும்.

அடுத்த குறை மூலத்திலேயே இருக்கிறது. மனிதர்கள் தவறு செய்வது நன்மை தீமை அறியாததால் என்கிறார் மார்க்கஸ். இது பொறுமையைத் தரும் எண்ணம்தான். ஆனால் எதிரே நிற்பவர் அறியாதவர், நான் அறிந்தவன் என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ராஜாஜி முதலமைச்சராக இருந்து 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாணவர்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்கச் சொன்ன அந்தத் திட்டத்தைப் பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்புக்கு ராஜாஜி எளிதில் அசையவில்லை. 1954-இல் அவர் பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜி அசையாததற்கு மார்க்கஸைக் காரணமாக்க நான் வரவில்லை. கலங்காத மனம் பெற்றவர் நியாயத்தின் பக்கம்தான் நிற்பார் என்று உறுதி இல்லை என்பதே நான் சொல்வது. எதிர்ப்பவர் சொல்வதில் உண்மை இருக்குமோ என்ற கேள்வியைக் காலைப் பயிற்சி கேட்காவிட்டால், அது பிடிவாதத்துக்குத் துணைபோய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கையில் உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவே கோடு போடும் அவசரம். மழை என் கையில் இல்லை, சரி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை உடைத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, அது வெறும் மழையா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட விதத்தில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பிறகு குறை கண்டது. ஆற்றின் இடத்தில் கட்டடம் எழுந்ததும், கால்வாய் தூர்ந்ததும் மனிதர் செய்தவை. தனியொருவர் கையில் இல்லாதது ஊரின் கையில் இருக்கலாம். இதற்குத் தென்சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. பெசன்ட் நகர்வாசியான சேகர் ராகவன் 1990-களில் வீடு வீடாகப் போய் மழைநீரை நிலத்தில் இறக்கச் சொன்னார். நிலத்தடி நீர் உவர்ப்பது நம் கையில் இல்லை என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2003-இல் தமிழ்நாடு அரசு மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்த அமைப்புகளைப் பராமரிப்பதில் பின்னர் நாம் காட்டிய அலட்சியமும் மனிதர் செய்ததே. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, குடத்தோடு வரிசையில் நின்றவரிடம் மனத்தை மட்டும் அமைதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது அறம் ஆகாது.

அந்தக் கோடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் விழுவதும் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அங்கிருந்து மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் விடியுமுன்னே கிளம்புகிறார்கள். பேருந்து எப்போது வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. ஆனால் அவர்களுடைய சம்பளம், விடுப்பு, வேலைக்கு வரும் நேரம் இவற்றில் பெரும்பகுதி, காலையில் குறிப்பேட்டைத் திறந்து அமைதி தேடும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் ‘வேலைக்கு வரும் அம்மா தாமதமாக வந்தால் கோபப்பட மாட்டேன்’ என்று எழுதுவது நல்லது. அந்த அம்மாவுக்கு ஏற்ற நேரம் எது என்று கேட்டு மாற்றிக்கொள்வது அதைவிட நல்லது. பேரரசருக்கும் அடிமைக்கும் போதனை ஒன்றாக இருக்கலாம். கடமை ஒன்றாக இருக்க முடியாது.

இந்தக் குறைகளுக்கு ஸ்டோயிக்குகள் மட்டுமே பொறுப்பு என்று சொல்வது நியாயமில்லை. மார்க்கஸ் தம் காலைக் குறிப்பைத் தொல்லைதரும் மனிதர்களோடு முடிக்கவில்லை. ஓர் உடலின் கைகால்களைப்போல மனிதர் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து உழைக்கவே பிறந்தவர்கள் என்ற இடத்துக்கு அதே குறிப்பில் வந்துசேர்கிறார். படுக்கையை விட்டு எழத் தயங்கும் தம்மையே, மனிதனுக்குரிய வேலை காத்திருக்கிறது என்று வேறோரிடத்தில் கடிந்துகொள்கிறார். இன்று கைபேசியில் சுற்றும் சுருக்க வாசகங்கள் பெரும்பாலும் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன. சேர்ந்து உழைப்பதற்கான மனநிலையாக அவர் வைத்த அமைதி, தனியாக ஒதுங்கி இருப்பதற்கான வசதியாகச் சுருங்கிவிட்டது.

இங்கே திருக்குறளின் வரிசை நமக்கு நல்ல வழிகாட்டி. துன்பத்தில் கலங்காமையைச் சொல்லும் ‘இடுக்கண் அழியாமை’ 63-ஆம் அதிகாரம். அதற்கு நேர்முன் 62-ஆம் அதிகாரமாக ‘ஆள்வினை உடைமை’யை வைத்திருக்கிறார் வள்ளுவர். ஊழையும் முயற்சியால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று அதை முடித்த பிறகே கலங்காமையைப் பேசுகிறார். முயன்றவனுக்கு உரியது கலங்காமை. முயலாதவனுக்கு அது சாக்கு ஆகிவிடும்.

ஆகவே ஸ்டோயிக் காலையைக் கைவிட வேண்டியதில்லை. பதற்றத்தில் தொடங்கும் ஒருவர் வீட்டுக்கும் பயன்பட மாட்டார், தெருவுக்கும் பயன்பட மாட்டார். ‘என் கையில் இல்லை’ என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மேலும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்வோம்: இது யார் கையில் இருக்கிறது? அவர்களோடு சேர்ந்து இன்று நான் செய்யக்கூடியது என்ன? குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போவது, மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதுவது, வீட்டில் வேலை செய்பவரின் சம்பளத்தை உயர்த்துவது என்று பதில் கிடைக்கும் நாளில்தான் காலையில் பெற்ற அமைதி பயன்பட்டதாகக் கொள்ள வேண்டும்.