ஸ்லொபோஸியாவின் கண்ணாடித் தகடுகள்

ராணுவ உடுப்பில் நிற்கும் ஒரு மனிதனின் பழைய போட்டோ. வீட்டில் யாருக்கும் அவனைப்பற்றி அதிகம் தெரியாது. பாட்டனின் அண்ணன், அல்லது அம்மாவின் சித்தப்பா. அவன் எந்தப் படையில் இருந்தான், எங்கே போனான் என்று பேரன் தேடக் கிளம்புகிறான். ருமேனியக் குடும்பங்களில் நடக்கும் இந்தத் தேடலை வெறும் வம்சாவளிப் பெருமை என்று ஒதுக்க நான் தயாராயில்லை. அந்த நாட்டு ராணுவம் முப்பது வருஷத்துக்குள் மூன்று முறை அணி சேர்ந்தது. 1916 ஆகஸ்டில் நேச நாடுகளின் பக்கம். 1941 ஜூன் 22இல் ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் எல்லைக்குள். 1944 ஆகஸ்ட் 23இல் மிகாய் அரசன் சர்வாதிகாரி இயோன் ஆண்டனெஸ்குவைக் கைது செய்ததும், அதே ராணுவம் சோவியத் படைகளோடு சேர்ந்து ஹங்கேரிக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் போயிற்று. ஒரே சிப்பாய், ஒரே உடுப்பில், இரண்டு எதிர் அணிகளுக்காகவும் சுட்டிருக்க முடியும். யுத்தத்துக்குப் பின் வந்த ஆட்சிக்கு இந்தக் கதையின் பிற்பாதி மட்டுமே தேவைப்பட்டது. முற்பாதி ஆல்பத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

போட்டோ நிறையவே சொல்லும். நெற்றியில் இரண்டாம் கரோல் அரசனின் முத்திரை பதித்த டச்சு மாதிரி ஹெல்மெட் இருந்தால், 1930களின் இறுதிக்கு முன்னால் எடுத்த படமாக அது இருக்க முடியாது. பெரிய பெரே தொப்பி என்றால் மலைப்படை. தோள்பட்டையில் எண் தெளிவாக இருந்தால் ரெஜிமெண்டே கிடைத்துவிடும். மார்பில் 'கம்யூனிசத்துக்கு எதிரான சிலுவைப்போர்' பதக்கம் தெரிந்தால், அது 1942இல் ஏற்படுத்தப்பட்டது என்பதால், காலமும் போர்முனையும் ஒருசேரத் தெரிந்துவிடும். காலர்ப் பட்டையின் நிறம் காலாட்படையா பீரங்கிப்படையா என்று காட்டும். ஆனால் கறுப்பு வெள்ளையில் நிறத்துக்கு எங்கே போவது? சிவப்பை உணராத பழைய தகடுகளில் சிவப்புகூடக் கறுப்பாகத்தான் விழும். இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு, பித்தெஷ்டி நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டு, படைப்பிரிவும் வருஷமும் ஊரும் கிடைத்தால் தேடல் முடிந்தது என்று குடும்பம் நினைக்கிறது. '1941 இலையுதிர் காலம், ஒடெஸ்ஸா' என்று படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவைத்து மூடிவிடலாம்.

என் கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்த 1941 அக்டோபர் 16இல் ருமேனிய ராணுவம் ஒடெஸ்ஸாவுக்குள் நுழைந்தது. 22ஆம் தேதி அதன் தலைமையகத்தில் குண்டு வெடித்து ஜெனரல் க்ளொகொஜானு செத்தார். பழிவாங்குகிறோம் என்று அடுத்த சில நாட்களில் யூதர்களைப் பல்லாயிரக்கணக்கில் சுட்டார்கள், தூக்கிலிட்டார்கள், கட்டிடங்களில் அடைத்து எரித்தார்கள். போட்டோவில் நிற்பவன் அன்று எந்தத் தெருவில் நின்றான்? உடுப்பு இதற்குப் பதில் சொல்லாது. ரெஜிமெண்ட் எண்ணும் சொல்லாது. சேவை என்ற சொல்லே அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்க உதவுகிறது.

ராது ஜூடேயின் 'செத்த நாடு' (2017) இந்த மௌனத்தைத் தன் உருவமாகவே எடுத்துக்கொண்ட படம். யாலோமிட்சா மாவட்டத்தில் ஸ்லொபோஸியா என்ற சிறு ஊர். அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவர் கோஸ்திக்கா ஆக்ஸிந்தே (1897–1984). முதல் யுத்தத்தில் ராணுவத்துக்காகப் படம் எடுத்தவர். அவர் விட்டுப்போன சுமார் 5000 கண்ணாடித் தகடுகள் மாவட்ட மியூசியத்தில் உள்ளன. அந்தப் படங்களை ஜூடே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். கல்யாணம், கைக்குழந்தை, குதிரை, சவப்பெட்டி, துப்பாக்கியோடு சிப்பாய்கள். ரசாயனப் பூச்சு உரிந்து பல முகங்கள் பாதி அழிந்திருக்கின்றன. இவற்றின் மேல், புக்காரெஸ்டில் வாழ்ந்த யூத டாக்டரும் கவிஞருமான எமில் டோரியனின் நாட்குறிப்பை ஜூடே தன் குரலிலேயே வாசித்துக்கொண்டு போகிறார். 1937 முதல் ஒவ்வொரு வருஷமும் சட்டங்கள் இறுகுகின்றன, வேலை பறிபோகிறது, கொலைச் செய்திகள் வருகின்றன. படத்தில் மக்கள் காமிராவுக்குச் சிரித்தபடி இருக்கிறார்கள். குரலில் கேட்பதைப் படம் காட்டுவதில்லை. படத்தில் காண்பதைக் குரல் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நம்மை உட்காரவைத்துவிட்டு, எண்பது நிமிஷங்களுக்கு மேல் எழுந்திருக்க விடுவதில்லை.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, அது லேசானதல்ல. ஸ்லொபோஸியாவின் விவசாயி யாரைக் கொன்றான்? சம்பந்தமில்லாத குரலை அவன் முகத்தின்மேல் ஒட்டி அவனைக் குற்றவாளியாக்குவது எடிட்டிங்கின் தந்திரம்தானே? ஆட்சேபிப்பவர்கள் தேசப்படத்தைத் திறந்து பார்க்கவேண்டும். 1941 ஜூன் கடைசியில் யாஷ் நகரத்தில் யூதர்களைக் கொன்று குவித்தபின், உயிரோடிருந்தவர்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து இரண்டு ரயில்களில் அனுப்பினார்கள். கோடை வெயில், மூடிய பெட்டி, தண்ணீர் இல்லை. ஏறத்தாழ 2500 பேரோடு கிளம்பிய ஒரு ரயில் ஒரு வாரம் அலைந்து ஜூலை 6ஆம் தேதி கலராஷ் ஊரில் நின்றபோது, உயிரோடு இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். கலராஷ் அன்று இதே யாலோமிட்சா மாவட்டத்தின் தலைநகரம். ஆக்ஸிந்தேயின் ஸ்டூடியோவிலிருந்து தெற்கே ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு மேல் இராது. அந்த ஜூலை மாதத்திலும் ஸ்லொபோஸியாவில் யாரோ சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு திரைச்சீலைக்கு முன் நின்றிருப்பார்கள். இதனால் அவர்கள் குற்றவாளிகளாகிவிடவில்லை. குரல் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வருகிறது என்ற வாதம் மட்டும் விழுந்துவிடுகிறது.

ஆனால் படத்தின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜூடேயிடம் போட்டோவில் இருப்பவர்கள் எல்லாரும் பெயரற்றவர்கள். குரல் வலுக்க வலுக்க முகங்கள் வெறும் திரையாகிவிடும் அபாயம் இருக்கிறது. சில கட்டங்களில் நான் பார்ப்பதை நிறுத்திக் கேட்க மட்டும் செய்தேன். ஆல்பத்தைப் புரட்டும் பேரனுக்கு இருக்கும் அந்தப் பிடிவாதம், 'இவன் யார்?' என்ற ஒற்றைக் கேள்வி, இந்தப் படத்தில் இல்லை. ஒரு நாடு முழுவதையும் விசாரிக்கிறவன் ஒரு மனிதனை விசாரிக்க மறந்துவிடுகிறான்.

இதை ஜூடே உணர்ந்திருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. 2020இல் சரித்திர ஆய்வாளர் ஆத்ரியன் சியோஃப்ளன்க்காவோடு சேர்ந்து எடுத்த 'ரயில்களின் புறப்பாடு' யாஷ் படுகொலையைப் பற்றியது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒரு முகம், ஒரு பெயர், அவன் எப்படிப் போனான் என்று மனைவியோ உறவினரோ சொன்ன சாட்சியம். பிறகு அடுத்த முகம். இவையும் ஸ்டூடியோ படங்கள்தான், அடையாளச் சீட்டுக்கு எடுத்தவைதான். இதே டை, இதே படிய வாரிய தலை. அலுப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரிச் சாவு. இந்த அலுப்பை வேண்டுமென்றே நம்மேல் சுமத்துகிறார்கள். சுருக்கிச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்பதுபோல. கடைசியில் குரல் நின்றுபோய், அந்த நாட்களில் யாஷ் தெருக்களில் எடுத்த படங்கள் மட்டும் வருகின்றன. நடைபாதையில் பிணங்கள். பக்கத்தில் உடுப்புப் போட்ட ஆட்கள். அவர்களும் யாரோ ஒரு வீட்டின் ஆல்பத்தில் இருப்பவர்கள்.

இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குடும்பப் போட்டோவின் உண்மையான கனம் கைக்குத் தெரிகிறது. 2004இல் எலீ வீஸல் தலைமையிலான கமிஷன், ருமேனிய ஆட்சியின் கீழிருந்த பிரதேசங்களில் 280,000 முதல் 380,000 யூதர்கள் வரை மடிந்தார்கள் என்று கணக்குச் சொன்னது. கமிஷன் அறிக்கையை ஒரு அரசாங்கம் ஏற்றுக்கொள்ளலாம். அதனால் எந்த வீட்டு ஆல்பமும் மாறிவிடாது. பேரன் தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ரெஜிமெண்ட் எண் கிடைத்த இடத்தில் நின்றுவிடாமல், அந்த ரெஜிமெண்ட் அந்த மாதத்தில் செய்ததை முழுக்கப் படிக்கட்டும். பாட்டனின் அண்ணன் டான் நதிக்கரைப் பனியில் 1942 நவம்பரில் கைவிடப்பட்டுச் செத்த பல்லாயிரம் சிப்பாய்களில் ஒருவனாகவும் இருக்கலாம், அதற்கு முந்தின வருஷம் ஒடெஸ்ஸாவில் கயிறு பிடித்தவனாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். மூன்றாவது சாத்தியத்தைத் தாங்கும் மனம் உள்ளவனுக்கு மட்டுமே அந்தப் போட்டோவில் துக்கம் கொண்டாட உரிமை உண்டு என்பேன்.