பெயரும் எண்ணும்: தாமிரபரணிக் கரையில் போரில் இறந்தோர் நினைவு

போரில் விழுந்தவனை எப்படி நினைக்க வேண்டும் என்பதற்குத் தமிழர்கள் முறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைக் கண்டு, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் செத்தவன் ஊருக்குக் காவலாகிறான்.

இந்த மரபு ஊறிய திருநெல்வேலிச் சீமையில், கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எப்படி நினைக்கப்படுகிறார்கள்? தொல்லியலார் கல்லைப் படித்தார்கள். நாட்டார் வழக்காற்றியலார் பாட்டைத் தொகுத்தார்கள். ராணுவ வரலாறு எழுதியவர்கள் படைப்பிரிவுகளின் ஏடுகளைப் புரட்டினார்கள். மூவரும் தத்தம் வழியில் நிறையவே செய்திருக்கிறார்கள். ஆனால் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் கடந்த ஏதோ ஒரு மண்ணில் செத்துப்போன சாதாரணச் சிப்பாய் இந்த மூன்று வழிகளுக்கும் நடுவே விடுபட்டுப்போனான். அவனைத் தேட வேண்டிய காலம் இது.

கல்

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டுள்ள நடுகற்கள், இந்த வழக்கம் பொதுயுகத்துக்கு முன்பே வேரூன்றிவிட்டதைக் காட்டின. அவற்றில் ஒன்று ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்தவனுக்காக நடப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் இரா. நாகசாமி காலத்துத் தொல்லியல் துறை செங்கம் பகுதி நடுகற்களைப் படித்து வெளியிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் இத்தகைய கற்கள் மிகுதி.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. ஆயுதம் கிடைத்ததால் மட்டும் ஒருவன் போரில் செத்தான் என்று சொல்லிவிட முடியாது. பெயர் பொறித்த நடுகற்கள் வட மாவட்டங்களைப் போல இங்கே குவிந்து கிடக்கவும் இல்லை. வடக்கே கல் செய்த வேலையை இங்கே பெரிதும் பாட்டு செய்தது.

பாட்டு

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசையன்று கூடும் கூட்டத்தில், பட்டவராயன் சன்னிதிக்குத் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கொண்டுவருவோரைப் பார்க்கலாம். பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தவன். மாமனாரின் மாட்டுக்கிடையைக் கள்ளர்கள் ஓட்டிச் சென்றபோது எதிர்த்துப் போரிட்டு, மறைந்திருந்த ஒருவனால் குத்துப்பட்டு இறந்தான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தார்கள். புலிமான்கோம்பைக் கல் சொல்லும் அதே ஆநிரைப் பூசல்தான் இங்கே வில்லுப்பாட்டாக நிற்கிறது. கல்லில் ஒரு வரியில் முடிந்தது, கொடை விழாவில் இரவு முழுதும் பாடப்படுகிறது.

இந்தக் கதைப்பாடல்களை அச்சில் ஏற்றிய பெரும்பணி நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலையுடையது (1917–1980). முத்துப்பட்டன் கதை, வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவற்றை எழுபதுகளில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்தார். பின்னர் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வமாகவே பிறந்தோரின் கதைகளையும், மனிதராகப் பிறந்து கொலையுண்டு தெய்வமானோரின் கதைகளையும் பிரித்துக் காட்டி 1988-இல் நூல் எழுதினார். அகாலத்தில், அநியாயமாகச் செத்தவனின் கதையைப் பாடும்போதுதான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பது இந்த ஆய்வுகளின் சாரம். ஊருக்கு அவன் மரணம் கடனாக நிற்கிறது. பாடிப் பாடித்தான் அந்தக் கடன் தீர்கிறது.

பாளையப்பட்டுப் போர்

பாட்டும் ஏடும் ஒன்றையொன்று உரசும் இடம் பாஞ்சாலங்குறிச்சி. அதன் பாளையக்காரன் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801 மே 24-இல் விழுந்தது. கதைப்பாடல் வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் எனத் துணைநின்றோரைப் பெயர் சொல்லி, குணம் சொல்லி, மரணம் சொல்லிப் பாடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடு தன் பக்கத்து வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் எழுதியது. அவர்களோடு விழுந்த சுதேசிச் சிப்பாய்களுக்கு எண் எழுதியது. பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே ஆங்கிலேய அதிகாரிகளின் கல்லறைகளை இன்றும் காணலாம்.

அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட ராணுவ நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கோட்டை விழுந்த அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் களத்தில் தம் வீட்டாரின் உடலைத் தேடினார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். மூச்சு இருந்தது. தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி அவன் கேட்டுக்கொண்டான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றார்கள். கம்பெனிக்காகத் தேடி வந்த எட்டையபுரத்து ஆட்களிடம், துணியால் மூடிக் கிடத்தியிருப்பது அம்மை கண்டு செத்த பையன் என்று சொல்ல, அவர்கள் பயந்து ஓடினார்கள். எதிரிப்படை அதிகாரி வியந்து எழுதிய இந்தக் காட்சி, போர்க்களத்தில் இறந்தோரைத் தேடும் வேலை பெண்களிடம் இருந்ததைக் காட்டும் அரிய சான்று. ஊமைத்துரை பிழைத்துச் சிவகங்கைக்குப் போய்ப் போரைத் தொடர்ந்தான். உயிரைக் கொடுத்து அவனைக் காத்த அந்த மகனின் பெயர் வெல்ஷின் ஏட்டிலும் இல்லை.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில், அந்த வழியே போவோர் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுக் கல்மேடு ஒன்று வளர்ந்திருந்ததை 1917-இல் வந்த மாவட்டக் கையேடு பதிவு செய்கிறது. அரசின் பெயரும் சாதியின் பெயரும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் மக்கள் தாமாகக் கட்டிய நினைவுச் சின்னம் அது. 1970-இல் சிவாஜி கணேசன் அங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவனும் பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனும் மணிமண்டபம் பெற்றார்கள். இவை நியாயமான மரியாதைகள். ஆனாலும் ஒவ்வொரு வீரரும் ஒரு சாதிக்கு உரியவராகச் சுருக்கப்பட்டது பெரிய இழப்பு. 1997-இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களே நீக்கப்பட்டன. ஒரே களத்தில் பக்கத்தில் பக்கத்தில் செத்தவர்களை நாம் பிரித்து வைத்தோம். இந்த வரலாற்றை எழுதுகிற எவரும் அவர்களை மறுபடி ஒரே களத்தில் நிறுத்திக் காட்டக் கடமைப்பட்டவர்.

கடல் கடந்த போர்கள்

முதல் உலகப்போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 51,000 பேர் போர்வீரர்களாகவும், சுமார் 41,000 பேர் கூலிப்படை, சுமைதூக்கும் படை போன்ற பணிகளுக்கும் சேர்ந்தார்கள். மெசபடோமியாவில் மதராஸ் சாப்பர்கள் பாலமும் பாதையும் போட்டார்கள். இரண்டாம் போரில் இந்தியப் படை இருபத்தைந்து லட்சமாகப் பெருகியது. 1941-இல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி திரட்டப்பட்டது. நெல்லைச் சீமையின் இளைஞர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள்.

இவர்களை நினைவுகூர்ந்த முறையில் பாஞ்சாலங்குறிச்சியின் அதே கோடு ஓடுகிறது. இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் பெயர் பெற்றார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக இத்தனை பேர் என்று எண்ணாக நின்றார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட சொந்த விசாரணை அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை, சிலர் எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்றும் அது சொன்னது. சுமைதூக்கிகளும் கூலிப்படையினரும் இந்த மறதியில் முதலில் விழுந்தவர்கள்.

இரண்டாம் போரில் நிலைமை கொஞ்சம் மாறியது. மியான்மரில் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் சுமார் 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். ஆணையத்தின் பதிவேட்டில் பல இந்தியச் சிப்பாய்களின் பெயருக்குக் கீழே தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம் என ஒரு சிறு குறிப்பு இருக்கும். மணமானவராயின் மனைவியின் பெயரும் இருக்கும். நம் ஊர்க்காரரைத் தேடுபவர் ‘டின்னவெல்லி’ என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களை நெல்லைக்காரர் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் எந்த ஊர் என்று பிடித்துவிடலாம். வெளியூர் அறிஞரால் ஆகாத வேலை இது.

வீட்டு நினைவு

நம் குடும்பங்கள் இறந்தோரை மறப்பவர்கள் அல்லர். ஆடி, தை அமாவாசைகளில் பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மேலப்பாளையத்தில் பாத்திஹா ஓதுகிறார்கள். ஆனால் தர்ப்பணம் அப்பா, தாத்தா, பூட்டன் என்ற மூன்று தலைமுறையைத்தான் முதன்மையாகப் பெயர் சொல்லி அழைக்கும். 1916-இல் செத்தவர் இன்று அந்த வரிசையைத் தாண்டிவிட்டார். கல்யாணம் ஆகாமலே செத்த பையனுக்கு எள் இறைக்கப் பிள்ளையும் இல்லை. உடல் வரவில்லை, சமாதி இல்லை, கொடை இல்லை, பாட்டும் கட்டப்படவில்லை.

மிஞ்சியிருப்பது பொருள்கள். முதல் உலகப்போரில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் ஒரு வெண்கலத் தட்டு வழங்கத் திட்டமிட்டார்கள். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலம். பிரிட்டானியா உருவமும் சிங்கமும் உள்ள அதில் பதவி குறிப்பிடாமல் பெயர் மட்டும் புடைப்பாக இருக்கும். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி. அந்தக் காலப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண், பெயர், படைப்பிரிவு தெரியும். ‘பட்டாளத்தார் வீடு’ என்று இன்றும் ஊர் சொல்கிற வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இவையும் டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் தாளும் கிடக்கலாம். வீடு இடித்துக் கட்டும்போது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போனால் அந்தப் பெயர் அத்தோடு முடிந்தது.

செய்ய வேண்டியவை

விடுதலைக்குப் பிறகான போர்களில் இறந்தோர்க்கு ஏற்பாடு மேம்பட்டிருக்கிறது. 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகம் 25,942 பெயர்களோடு தொடங்கியது. அதற்குப் பதினோரு நாள் முன்பு புல்வாமாவில் இறந்த 40 மத்திய சேமக் காவல் படையினரில் கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரி சுப்பிரமணியனும் ஒருவர். அவர் உடல் ஊருக்கு வந்தது, ஊர் திரண்டு அழுதது. பஸ்ராவில் எண்ணாக நின்றவனுக்கு இந்த அழுகை வாய்க்கவில்லை.

ஆகவே இந்த ஆய்வுக்கு இப்போது வேண்டியது ஊர்வாரியான ஒரு பெயர்ப் பட்டியல். ஆணையத்தின் பதிவேடு, வீட்டுப் பெட்டியில் உள்ள தாள்கள், வயதானவர்களின் வாய்மொழி மூன்றையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்தால் இது ஆகக்கூடிய வேலை. கூலிப்படையில் போனவரையும் ஆசாத் இந்து பவுஜில் (இந்திய தேசிய ராணுவத்தில்) நின்றவரையும் அதே பட்டியலில் எழுத வேண்டும். எந்தக் கொடிக்காகப் போனார் என்ற வாதம் பிறகு நடக்கட்டும். அவர் இந்த ஊர்த் தாய் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பதில் வாதமில்லை. பட்டியல் முடிந்த ஊரில் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலோ பள்ளி வாசலிலோ அந்தப் பெயர்களைத் தமிழில், தகப்பன் பெயரோடும் தாய் பெயரோடும், சாதிப் பட்டம் இல்லாமல் எழுதி வைக்கலாம். அதற்குக் கல் வேண்டும் என்றால் பொதிகை அடிவாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. தேட வேண்டியது பெயர்களைத்தான். அவற்றை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கும்போதே அந்தத் தேடல் தொடங்க வேண்டும்.